பொரி மேல் போட்ட பழி

சர்வருக்குள் பொரி போய்விட்டது என்றுதான் நான் முதலில் நம்பினேன்.

சும்மா சந்தேகப்பட்டேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். முழு மனதாக நம்பினேன். இருபத்தெட்டு வருஷம் கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்திய ஆள், கேபினெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, டார்ச் அடித்து, ஒரே ஒரு பொரியைக் கண்டுபிடித்து, அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "பார்த்தீங்களா!" என்று கத்தினேன். அந்த நேரத்தில் யாராவது மாலை போட்டிருந்தால் கழுத்தை நீட்டியிருப்பேன்.

அடுத்த வாரம் ஆயுத பூஜை. தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் வரைக்கும் நம் அலுவலகம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிற கிளினிக், பள்ளிக்கூடம், கடை எல்லாவற்றுக்கும் போய், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை ஒருமுறை அணைத்து எழுப்பிவிட்டு வரச்சொல்லி, புதிதாக வேலைக்குச் சேர்ந்த உங்கள் கையில் பட்டியல் கொடுத்திருப்பார்கள். "ஓடுற வண்டிய எதுக்கு சார் நிறுத்தணும்?" என்று உங்களில் ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு செம்பாக்கத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும் என்னைக் கூப்பிட்டு, "நீங்களே எழுதிக் கொடுங்க, உங்களால வந்த வழக்கம்தானே" என்று சொல்லிவிட்டார்கள். ஆமாம், என்னால் வந்ததுதான். எழுதுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முந்தைய விஜயதசமி. காலை ஆறு பத்துக்கு போன். கீழ்க்கட்டளையில் நாம் பார்த்துக்கொள்ளும் ஒரு சின்ன டயாலிசிஸ் நிலையத்திலிருந்து சிஸ்டர் பேசினார். எட்டுப் படுக்கை, ஒரு நாளைக்கு மூன்று ஷிஃப்ட், எல்லாம் அவர் தலைமையில்தான் நடக்கும். அதிகம் பேச மாட்டார். அன்றைக்கும் அதிகம் பேசவில்லை.

"சார், பேஷண்ட் யாருமே இல்ல."

"லீவு நாள்தானே சிஸ்டர், மெதுவா வருவாங்க."

"வாசல்ல ஏழு பேர் உட்கார்ந்திருக்காங்க சார். ஸ்க்ரீன்லதான் யாரும் இல்ல. மொத்தம் பூஜ்யம்னு காட்டுது."

"ரெண்டு நிமிஷம் சிஸ்டர், வந்துட்டேன்" என்றேன். செம்பாக்கத்திலிருந்து கீழ்க்கட்டளைக்கு இரண்டு நிமிஷத்தில் போக வேண்டுமானால் பீரங்கியில் வைத்துச் சுட வேண்டும். ஆனால் நம் தொழிலில் எல்லாமே இரண்டு நிமிஷம்தான். நீங்களும் சொல்வீர்கள். முதல் நாள் பூஜையில் மிஞ்சியிருந்த பொரியைச் சட்டைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அதுதான் காலை டிபன்.

விஜயதசமி காலையில் மேடவாக்கம் ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டியிருக்கிறீர்களா? கடைக்குக் கடை உடைத்த பூசணிக்காய். நான் அதற்கு நடுவே வளைந்து வளைந்து போய்க்கொண்டே குன்றத்தூர் முருகனிடம் பேரம் பேசினேன். டேட்டா திரும்பி வந்தால் மொட்டை போடுகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். என் தலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இதில் முருகனுக்குப் பெரிய லாபம் ஒன்றும் இல்லை.

ஆறு ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசல் நாற்காலிகளில் ஏழு பேர். அதில் ஒருவர் மட்டும் பக்கத்தில் துணிக்கடைப் பை ஒன்றை வைத்துக்கொண்டு, அதன் மேல் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும். அதே ஏரியாவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பாய். வாரத்துக்கு மூன்று நாள் வருகிறவர். என்னைத் தெரியும், எங்கள் வீட்டுக் குழாய்க்கு அவர் கடை வாஷர்தான்.

"இன்னா சார், ஆயிடுமா?"

"ரெண்டு நிமிஷம் பாய்."

"ஆவணும் சார். இன்னிக்கி என் பொண்ணுக்கு நிக்காஹ். பல்லாவரத்துல. லுஹர் தொழுகை முடிஞ்சி ரெண்டு மணிக்கு."

பையில் இருந்தது அவருடைய புது வெள்ளை ஜிப்பா. பெண்ணைக் கொடுக்கிறேன் என்று அப்பாதான் சபையில் சொல்ல வேண்டும். டயாலிசிஸ் நாலு மணி நேரம். ஊசி எடுத்து, ரத்தம் நிற்கும் வரை கையை அழுத்திப் பிடித்து, துணி மாற்றி, பல்லாவரம் போய்ச் சேர வேண்டும். எட்டரைக்குள் மெஷினில் ஏறினால்தான் உண்டு. இதை எல்லாம் எனக்குக் கணக்குப் போட்டுச் சொன்னவர் சிஸ்டர். போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "நீங்க வேலையப் பாருங்க சார்" என்றார்.

உங்களுக்கு ஒரு கேள்வி வரும். சர்வர் படுத்தால் என்ன, மெஷின் ஓடுமே? ஓடும். ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் எவ்வளவு நீர் எடுக்க வேண்டும், ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் எவ்வளவு போட வேண்டும் என்பதெல்லாம் சர்வரில் இருந்தது. பாய்க்குப் போன தடவை ஊசி எடுத்த பிறகு ரத்தம் நிற்க நேரமானதால் டாக்டர் அந்த அளவை மாற்றி எழுதியிருந்தார். மாற்றி எழுதியதும் சர்வரில். டாக்டர் ஊரிலிருந்து வரும் விமானத்தில் இருந்தார், ஒன்பதரைக்குத்தான் இறங்குவார். அப்புறம், காகிதத்தில் ஒரு பிரதி இருக்குமே என்பீர்கள். இருந்தது. "இந்தக் காலத்தில் யாராவது ஃபைல் வெச்சுப்பாங்களா சிஸ்டர், தூக்கிப் போடுங்க" என்று முந்தின வருஷம் ஒரு மேதாவி வந்து சொல்லிவிட்டுப் போனான். அந்த மேதாவிக்கும் செம்பாக்கத்தில்தான் வீடு. தலையிலும் முடி கம்மி.

சர்வர் இருந்த இடம், தண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெஷினுக்குப் பக்கத்து அறை. உள்ளே போனால், நம் சர்வர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. நெற்றியில் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. மேலே ஒரு எவர்சில்வர் தட்டு, தட்டில் பொரி. முதல் நாள் மதியத்தோடு ஷிஃப்டை முடித்து, எல்லாவற்றையும் அணைத்து, துடைத்து, பூஜை போட்டு ஓய்வு கொடுத்திருக்கிறார்கள். காலையில் எழுப்பினால் இந்த நிலை. பூஜை போட்டவர் அங்கே வேலை செய்யும் அக்கா. பெருக்குவது, துடைப்பது, நோயாளிகளைக் கை பிடித்து அழைத்துப்போவது எல்லாம் அவர்தான்.

நேற்று வரை ஓடியது. இடையில் நடந்தது பூஜை ஒன்றுதான். ஆக, குற்றவாளி பூஜை. என் துப்பறியும் மூளை இந்த வேகத்தில் வேலை செய்தது.

"அக்கா, தட்ட எங்க வெச்சீங்க?"

"மேல வெச்சேன். இப்பவும் மேலதான் கீது."

"ஓட்டை வழியா உள்ள போயிருக்கும்."

"ஐய, இன்னா சார் நீ! நான் இன்னா ஃபேனுக்கு ஊட்டியா வுட்டேன்? சாமிக்கு வெச்சேன், சாமியே எடுத்துக்கல, உன் பெட்டி எடுத்துக்கிச்சா?"

நான் கேட்கவில்லை. கேபினெட்டைக் கழற்றினேன், உள்ளே குனிந்தேன், துருவித் துருவித் தேடினேன். கிடைத்தது. மெமரி கார்டுக்குப் பக்கத்தில், ஒரே ஒரு பொரி. அப்போதுதான் அந்தக் கத்தல். அக்காவின் முகம் சுருங்கிப் போனதைப் பார்த்தேன். பார்த்தும் நான் நிறுத்தவில்லை. "இனிமே இந்த ரூம்ல பூஜையே கூடாது" என்று ஒரு சட்டமும் போட்டேன். பயந்தவனுக்குக் கோபம் எவ்வளவு வசதியான வாகனம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ஸ்கூட்டரை விட வேகமாகப் போகிறது.

எல்லாவற்றையும் மாட்டி, எழுப்பினேன். ஏழு இருபத்தைந்து. திரை வந்தது. மொத்த நோயாளிகள்: பூஜ்யம்.

தலைமைக் குற்றவாளியைக் கைது செய்த பிறகும் திருட்டு தொடர்கிறது என்றால் போலீஸ்காரனுக்கு எப்படி இருக்கும்? அப்படி நின்றேன். இந்த இடத்தில்தான் நீங்கள் என்னைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் நீங்களும் இந்த இடத்தில் நிற்பீர்கள். மூளை வேலை செய்யாது, கை மட்டும் வேலை செய்யத் துடிக்கும். எதையாவது அமுக்கு, எதையாவது மாற்று, திரையில் ஏதாவது தெரிந்தால் போதும் என்று இருக்கும்.

என்னிடம் ஒரு மந்திரக்கோல் இருந்தது. போன வாரம் எடுத்து வைத்த பேக்கப், ஒரு சின்ன டிஸ்கில். அதை அப்படியே உள்ளே கொட்டினால் பத்து நிமிஷத்தில் எல்லா நோயாளிகளும் திரையில் வந்துவிடுவார்கள். சிஸ்டரிடம் வீரமாகச் சொன்னேன்.

"போன வாரத்துதா சார்?"

"ஆமா சிஸ்டர். ரெண்டு மூணு நாள் விட்டுப் போயிருக்கும், அவ்வளவுதான்."

"அப்ப பாய்க்குப் பழைய டோஸ்தானே வரும்?"

"அத மட்டும் நாம ஞாபகம் வெச்சுகிட்டு..."

"பாய்க்கு மாத்தினது எனக்குத் தெரியும், எவ்வளவுன்னு சரியா ஞாபகம் இல்ல. மத்த ஆறு பேர்ல யாருக்கு என்ன மாத்தினாங்கன்னு எல்லாம் எனக்கு மனப்பாடம் இல்ல சார். மதியம் வர சிஸ்டர்க்கு இது பழசுன்னே தெரியாது. காலியா இருந்தா இல்லன்னு தெரியும். பழசு வந்து உட்கார்ந்தா, இருக்குன்னு நெனச்சுப்போம். வேணாம் சார்."

குரலை உயர்த்தவில்லை. கதவு நிலையில் சாய்ந்துகொண்டு சொன்னார். எனக்கு அந்த ஆர்.ஓ. மெஷினுக்குள் போய் ஒளிந்துகொள்ளலாமா என்று இருந்தது. இத்தனை வருஷம் தொழில் செய்து நான் கற்காததை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். டிஸ்கைப் பைக்குள் வைத்தேன்.

வெளியே பாய் எழுந்து வந்துவிட்டார். "சிஸ்டர், உத்தேசமா போட்டு வுடுங்களேன். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"உத்தேசமா போட இது பிரியாணிக்கு உப்பா பாய்?"

"இல்லாங்காட்டி இன்னிக்கி வேணாம். நாளைக்கி வர்றேன்."

"ரெண்டு நாள் இடைவெளி விட்டு வந்திருக்கீங்க. கால் பாருங்க எப்படி வீங்கியிருக்கு. மூச்சு வாங்கிகிட்டு சபையில உட்காருவீங்களா?"

பாய் காலைப் பார்த்தார். "என் தம்பி சொல்லலாம் சார், என் இடத்துல. அதுல ஒண்ணும் தப்பில்ல" என்றார் என்னிடம். கொஞ்சம் கழித்து, "ஆனா என் பொண்ணு சார்" என்றார்.

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் பேசுவார். கல்யாணப் பெண்.

"அத்தா, ஏறிட்டீங்களா?"

மெஷினில் ஏறுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். பாய் என்னைப் பார்த்தார். சிஸ்டரைப் பார்த்தார்.

"ஏறிட்டேம்மா. ஊசி போட்டாச்சு. நீ சாப்டியா?"

"விட்டு விட்டுப் பேசறீங்களே, மூச்சு வாங்குதா?"

"இல்லம்மா, இங்க மெசின் சத்தம். வெச்சுடறேன்."

போனை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்து பையின் மேல் மறுபடி கையை வைத்துக்கொண்டார். அவர் சொன்ன பொய்யை உண்மையாக்க என்னிடம் ஐம்பது நிமிஷம் இருந்தது.

இனிமேல் கொஞ்சம் தொழில் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதினோரு மாதம் முன்பு அந்த சர்வருக்குப் பெரிய டிஸ்க் ஒன்று போட்டு, நோயாளிகள் விவரத்தை எல்லாம் அதற்கு மாற்றியது நான்தான். சர்வர் எழும்போது நோயாளிகள் நிரலைத் தொடங்கிவைக்க ஒரு ஸ்கிரிப்ட், அதாவது ஒரு கட்டளைப் பட்டியல், வேண்டும். அதில் 'டாலர் டிஸ்க், சாய்கோடு, பேஷண்ட்ஸ்' என்று ஒரு வரி. டிஸ்க் என்பது ஒரு வேரியபிள். பட்டியலை வரி வரியாகப் படித்துச் செய்யும் ஷெல் அதைப் பார்த்ததும், அந்தப் பெயருக்கு உரிய முகவரியை அந்த இடத்தில் வைத்துவிடும். அந்த முகவரி வேறொரு அமைப்புக் கோப்பில் இருக்கும், எழும்போது ஸ்கிரிப்ட் அதைப் படித்துக்கொள்ளும். நாளைக்கு டிஸ்க் மாறினால் அந்தக் கோப்பில் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். அழகான ஏற்பாடு. இந்த ஸ்கிரிப்டை நான் நேராகக் கையால் எழுதவில்லை. நிறுவும் வேலைக்கென்று என் லேப்டாப்பில் வைத்திருந்த இன்னொரு ஸ்கிரிப்ட்தான் இதை எழுதி சர்வரில் வைத்தது. ஸ்கிரிப்ட் எழுதிய ஸ்கிரிப்ட். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

லேப்டாப்பைத் திறந்து அந்த வரியைப் பார்த்தேன். சரியாக இருந்தது. இன்னொரு முறை பார்த்தேன். சரி. மூன்றாவது முறை, கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அப்பழுக்கில்லை. "ஸ்கிரிப்ட் பக்கா சிஸ்டர். டிஸ்க்தான் போயிருக்கு" என்று அறிவித்தேன். பொரிக்கு அடுத்து டிஸ்க். அன்றைக்கு என் கையில் சிக்கியவர்கள் எல்லோரும் குற்றவாளிகள், நான் ஒருவனைத் தவிர.

சிஸ்டர் உள்ளே வந்தார். "அது உங்க கம்ப்யூட்டர்ல இருக்கறது. இதுல இருக்கறதும் அதேதானா?"

"அதேதான் சிஸ்டர். அதுதான் இத எழுதிச்சு."

"நாங்க ரத்தத்த வடிகட்டற டயலைசர் மாட்டும்போது, இது யாரோடதுன்னு தெரிஞ்சாலும், மேல ஒட்டியிருக்கற பேர ஒருத்தர் வாய்விட்டுப் படிப்போம், இன்னொருத்தர் பார்ப்போம். பாய்க்கு எத்தன வருஷமா பண்றோம், இன்னிக்கும் படிப்போம். நீங்க இதுல இருக்கறதப் படிங்க. நான் பாக்குறேன்."

இவர் பார்த்து என்ன கண்டுபிடிக்கப் போகிறார் என்று ஒரு கணம் தோன்றியது, மறைக்கவில்லை. ஆனால் அவரை மறுத்துப் பேசும் தகுதி காலையிலேயே போய்விட்டதால், சர்வரின் திரையில் அந்தக் கோப்பைத் திறந்தேன். சிஸ்டர் பக்கத்தில் நின்று, திரையில் விரலை வைத்துக்கொண்டார். நான் படித்தேன். அமைப்புக் கோப்பைப் படிக்கும் வரி, சரி. அடுத்த வரி.

"டாலர் டிஸ்க், சாய்கோடு, பேஷண்ட்ஸ்."

"மறுபடி படிங்க சார்."

"டாலர் டிஸ்க், சாய்கோடு, பேஷண்ட்ஸ்."

"டாலர்னா, எஸ் எழுதி நடுவுல கோடு போடுவாங்களே, அதுதானே?"

"அதேதான்."

"இங்க அது இல்லையே சார். டிஸ்க்னும் இல்ல. கோடு இருக்கு, பேஷண்ட்ஸ்னு இருக்கு, அவ்வளவுதான்."

பார்த்தேன். இல்லை. சாய்கோடு, பேஷண்ட்ஸ். அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இல்லாத சொல்லை நான் இரண்டு முறை, கணீரென்று, திரையைப் பார்த்துக்கொண்டே படித்திருக்கிறேன். என் கண் அந்த வரியைப் பார்க்கவே இல்லை, நான் எழுதியதாக நினைத்துக்கொண்டிருந்ததைத்தான் பார்த்தது. ஷெல் தெரியாத சிஸ்டருக்கு அங்கே இருந்தது தெரிந்தது. ஷெல் தெரிந்த எனக்கு அங்கே இல்லாதது தெரிந்தது.

அப்புறம் எல்லாம் மளமளவென்று விளங்கியது. சர்வர் எழுந்ததும் முகவரியின் முன்பாதி இல்லாமல் நிரலை அனுப்பியிருக்கிறது. நிரல் அங்கே போய்ப் பார்த்திருக்கிறது, அப்படி ஓர் அறையே இல்லை. சமர்த்தாகத் தானே ஒரு காலி அறையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, "பூஜ்யம் பேர்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. பெரிய டிஸ்கைத் திறந்தேன். ஐம்பத்திரண்டு நோயாளிகளும் அவரவர் இடத்தில் பத்திரமாக இருந்தார்கள். பூசணிக்காயில் வழுக்கி விழாமல் வந்து சேர்ந்ததற்காக அப்போதுதான் முதன்முதலாக மகிழ்ந்தேன்.

சந்தோஷத்தில் அடுத்த முட்டாள்தனத்துக்குத் தயாரானேன். "வரிய சரி பண்ணி, சர்வர ஒரு தடவ அணைச்சு எழுப்பி..."

"சார்." சிஸ்டர் கடிகாரத்தைக் காட்டினார். எட்டு ஐந்து. "இப்போதைக்கு ஓட வெக்க முடியுமா? அணைக்கறத அப்புறம் பார்க்கலாமா?"

முடியும். சரியான முகவரியைக் கொடுத்து நிரலைக் கையால் தொடங்கினேன். எட்டு பத்துக்குத் திரையில் ஐம்பத்திரண்டு. அந்தக் காலி அறையை நான் அழிக்கக்கூட இல்லை, தொடவே இல்லை. எந்த வேலை இப்போதே, எந்த வேலை அப்புறம் என்று பிரிப்பதுதான் நெருக்கடியில் பாதி வேலை. அதை அன்றைக்குப் பிரித்தவர் நான் இல்லை.

சிஸ்டர் பாயின் பக்கத்தைத் திறந்து வாய்விட்டுப் படித்தார், உடன் இருந்த இன்னொரு சிஸ்டர் பார்த்தார். போன தடவை மாற்றிய அளவு, போன தடவை எடை, எல்லாம் இருந்தது. எட்டு இருபதுக்குப் பாய் மெஷினில் ஏறினார். ஊசி போட்டதும் முதல் வேலையாகப் பெண்ணுக்கு போன் செய்தார்.

"ஏறிட்டேம்மா."

"காலைலயே சொன்னீங்களே அத்தா?"

"இப்ப நல்லா ஏறிட்டேன்."

சிஸ்டர் சிரித்து நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

பன்னிரண்டு இருபதுக்குப் பாய் இறங்கினார். கால் மணி நேரம் கையை அழுத்திப் பிடித்து, கட்டுப் போட்டு, பாத்ரூமில் ஜிப்பாவை மாற்றிக்கொண்டு வெளியே வந்தார். இடது கையை விறைப்பாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கல்யாணத்துக்கா போக்குவரத்தை நிறுத்தவா என்று தெரியாத கோலத்தில், தம்பியின் காரில் ஏறினார். "சார், பிரியாணி அனுப்பறேன். உப்பு உத்தேசமாத்தான் இருக்கும்" என்று சிஸ்டருக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

காலை ஷிஃப்ட் முழுக்க இறங்கிய பிறகு, அடுத்த ஷிஃப்டுக்கான விவரங்களைச் சிஸ்டர் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். காகிதம் வேண்டாம் என்று சொன்ன மேதாவியே பிரிண்டருக்குத் தாள் போட்டுக் கொடுத்தான். வரியைச் சரி செய்தேன். கூடவே இன்னொரு வரியும் சேர்த்தேன்: டிஸ்க் என்ற பெயருக்கு மதிப்பு இல்லை என்றால் மேலே போகாதே, நில், கத்து. ஷெல் தானாக அப்படிச் செய்யாது. மதிப்பு இல்லாத வேரியபிளைப் பார்த்தால் திட்டாது, முகம் சுளிக்காது, அந்த இடத்தில் ஒன்றுமில்லாததை வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். கத்தச் சொன்னால்தான் கத்தும். நீங்கள் எழுதும் ஒவ்வொரு ஸ்கிரிப்டிலும் சொல்லுங்கள். காலியாக இருந்தால் காலி என்று தெரிய வேண்டும், சிஸ்டர் சொன்னாரே, அதுதான்.

பிறகு சர்வரை அணைத்தேன். எழுப்புவதற்கு அக்காவைக் கூப்பிட்டேன்.

"நீங்களே அமுக்குங்க அக்கா."

"ஐய, நான் மாட்டேன்பா. அப்பால எதுனா ஆச்சின்னா மறுக்கா என்னியத்தான் சொல்லுவ."

"காலைல சொன்னது தப்பு அக்கா. பூஜையால ஒண்ணும் ஆகல. நான் எழுதினதுலதான் கோளாறு. மன்னிச்சுக்கங்க."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, சர்வரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அமுக்கினார். நான் மூச்சை எங்கேயோ வைத்துவிட்டு நின்றேன். திரை வந்தது. ஐம்பத்திரண்டு. கையால் எதையும் தொடங்காமல், தானாக.

"வந்துச்சா?" என்றார் அக்கா.

"வந்துடுச்சு."

"அப்போ எங்க அந்தப் பொரி? காலைல தூக்கிக் காமிச்சியே, அத்தக் குடு."

மேஜை மேல்தான் இருந்தது, தடயப் பொருளாக. அக்கா அதை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். சர்வர் மேல் இருந்த தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். தட்டில் இருந்தது வெல்லப் பாகில் கிளறிய பொரி, பழுப்பு நிறம், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உருண்டை உருண்டையாக இருந்தது. உள்ளங்கையில் இருந்தது வெறும் வெள்ளைப் பொரி. அக்கா அதைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், அப்புறம் என் சட்டைப் பையைப் பார்த்தார்.

மூன்றாவது ஷிஃப்ட் தொடங்கும் முன் பாயின் போனிலிருந்து ஒரு படம் வந்தது. சபையில் பாய் உட்கார்ந்திருக்கிறார், ஜிப்பாவின் இடது கை ரத்தக் கறை இல்லாமல் வெள்ளையாக இருக்கிறது. நான் அடுத்த வாரம் குன்றத்தூர் போய் மொட்டை போட்டுக்கொண்டேன். நாவிதர் மூன்றே நிமிஷத்தில் முடித்துவிட்டு, "அவ்ளோதானா சார்?" என்று கேட்டார். அந்த வருஷத்திலிருந்துதான், ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்பே, நாம் பக்கத்தில் இருக்கும்போதே, எல்லா இடத்திலும் சர்வரை அணைத்து எழுப்பிப் பார்க்கும் வழக்கம் வந்தது. போகும்போது கோப்பை வாய்விட்டுப் படியுங்கள். ஷெல் தெரியாத ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு படியுங்கள். அப்புறம், அந்த அறையில் பூஜை போடுகிறவர்களை ஒன்றும் சொல்லாதீர்கள். அவர்கள் அணைத்து எழுப்பியிராவிட்டால், என் தவறு ஒரு மின்வெட்டுக்காகக் காத்துக்கொண்டு இன்னும் அங்கேயே இருந்திருக்கும்.

நடந்தது இதுதான். அந்த விஜயதசமிக்குப் பதினோரு மாதம் முன்பு ஒரு மதியம், என் நிறுவும் ஸ்கிரிப்டில், சர்வரில் எழுதிவைக்க வேண்டிய வரிகளின் தொடக்கச் சொல்லை மேற்கோள் குறிக்குள் வைக்க மறந்தேன். வைத்திருந்தால் ஷெல் அந்த வரிகளைத் தொடாமல் அப்படியே எழுதியிருக்கும். அதனால் சர்வர் எழும்போது விரிய வேண்டிய வேரியபிள், எழுதும்போதே விரிந்தது. எழுதும்போது அதற்கு மதிப்பு இல்லை. ஷெல் அந்த இடத்தில் ஒன்றும் வைக்கவில்லை. பசியாக இருந்ததால் நான் கோப்பைத் திறந்து பார்க்காமல், நிரலைக் கையால் தொடங்கிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். பூஜை வரை அதை யாரும் அணைக்கவில்லை. கேபினெட்டுக்குள் இருந்த பொரி, நான் உள்ளே குனிந்தபோது என் சட்டைப் பையிலிருந்து விழுந்தது.